ஆற்றில் வந்த மரமும் நான் அறுத்த கயிறும்

அடுத்தவன் கட்டிய கயிற்றை அறுக்கக் கூடாது. புன்னைக்காயலில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கடலில் எஞ்சின் நின்றுபோன படகைக் கயிறு எறிந்துதான் இழுத்து வரவேண்டும். அந்தக் கயிற்றின் மறுமுனையில் நிற்பவன் பகையாளியாகவே இருந்தாலும், கரை சேரும்வரை அதில் கத்தி படக்கூடாது. மிதந்து வரும் மரத்துக்கும் அதே சட்டம்தான். எவன் கயிறு முதலில் விழுகிறதோ மரம் அவனுக்கு. கட்டிப்போட்டுவிட்டு அவன் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் ஒருவரும் தொடமாட்டார்கள். ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்குக்கூட எங்கள் கரையில் பெண் கொடுப்பார்கள். கயிறு அறுத்தவன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள்.

நான் அறுத்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அறுத்ததற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது.

ஏலக்கூடத்தில் மீன் எடுத்து ஆத்தூர், ஏரல் என்று கொண்டுபோய் விற்கிறவள் நான். இருபது வருஷமாக வியாபாரிகளோடு மல்லுக்கட்டி வாய் நீண்டுவிட்டது. அடிக்கக் கையும் கொஞ்சம் நீளும். எடையில் கைவைத்த ஒருவனை மீன் கூடையாலேயே அடித்திருக்கிறேன். "இவ கோவத்துல அடுப்பு பத்த வைக்கலாம், தீப்பெட்டி மிச்சம்" என்று என் புருஷன் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். அவருக்குக் கோபமே வராது. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதும் என்று விட்டுவிட்டார் போல.

தாமிரபரணி எங்கள் ஊரில்தான் கடலில் சேர்கிறது. ஆற்றங்கரையில் கடைசி வீட்டுக்காரர்கள் நாங்கள். மேலே யார் என்ன செய்தாலும் அது எங்கள் வாசலில்தான் வந்து விழும். எனக்குக் கல்யாணமான புதிதில், மலையில் மழை என்று டிவியில் சொன்னால் தண்ணீர் இங்கே வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். படகை ஏற்றிக் கட்ட, வலையை மச்சில் போட, அரிசியைத் தூக்கி வைக்க நேரம் இருக்கும். இப்போது இன்றைக்கு மழை என்றால் நாளைக் காலையில் தண்ணீர் முற்றத்தில் நிற்கிறது. செங்கலைக் கரைத்தது மாதிரி ஒரு நிறம். அந்த மண்ணெல்லாம் முகத்துவாரத்தில் திட்டுத் திட்டாகப் படிந்து, கடல் வற்றுகிற வத்தம் நேரத்தில் படகு வெளியே போக முடியாமல் அடி தட்டுகிறது. மிச்ச மண் கடலுக்குள் போய்ப் பார்களின் மேல் படிகிறது. பார் என்பது கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு, மீன் மேய்கிற இடம். ஒரு காலத்தில் முத்துக் குளித்த பார்கள் அவை. இப்போது சங்குக்காக முங்குகிறவர்கள், கண்ணாடிக்கு வெளியே கலங்கலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று வெறுங்கையோடு ஏறி வருகிறார்கள்.

எதனால் இப்படி என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் வேன் பிடித்து எங்கள் தெருவே அருவிக் குளியலுக்குப் போனது. மலைப் பாதையில் ஒரு வளைவில் திரும்பியதும் எதிர்ச் சரிவு முழுக்க மொட்டையாக இருந்தது. வேளாங்கண்ணியில் மொட்டை போட்ட பிள்ளையின் தலை மாதிரி, ஒரு குருத்துக்கூட விடாமல். வெட்டிய அடிக்கட்டைகள் மட்டும் வெள்ளையாக நின்றன. தார்ப்பாய் போட்டு மூடிய லாரி ஒன்று எங்களுக்கு எதிரே இறங்கி வந்தது. பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரத்தில் பால் இன்னும் காயவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் நிறுத்தவில்லை.

"அங்கனயெல்லாம் பாக்காதீங்க அக்கா. கேள்வி கேட்டா அடுத்த தடவ வண்டிய மேல ஏற விடமாட்டாங்க."

"யாரு விடமாட்டா?"

அவன் வண்டியை வேகமாக விட்டான். என் புருஷன்தான் சிரித்தார். "ஏளா, மலைக்கு வந்தும் சண்டையா? குளிச்சிட்டுப் போவோம்."

குளித்துவிட்டு வந்துவிட்டோம். நானும்தான்.

அந்த மழை, கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டத் தொடங்கியிருந்த நேரத்தில் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் அடித்தது. விடிந்து வெளியே வந்தால் ஆற்றின் சத்தம் கடல் சத்தத்தை அமுக்கிவிட்டது. எங்கள் ஊரில் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. ஆறு எங்களுக்கு வாயில்லாப் பூச்சி, சத்தம் போடுகிறது எல்லாம் கடல்தான். அன்றைக்கு அது மின்கம்பத்தை முறித்து இழுத்துக்கொண்டு வந்தது. செத்த மாடுகள் வந்தன. ஒரு மாடு உயிரோடு வந்து, எங்கள் கண் முன்னாலேயே பின்னால் வந்த மரம் மோதி உள்ளே போனது. ஆத்தூர் ரோடு மூழ்கிவிட்டது என்று போன் வந்தது. அதற்குப் பிறகு போனும் செத்துவிட்டது.

அப்புறம் மரங்கள் வந்தன. வெள்ளத்தில் வேரோடு சாய்ந்த மரம் எங்களுக்குப் புதிதில்லை. கிளையும் வேருமாக உருண்டு வரும், விறகுக்கு ஆகும். இவை அப்படி இல்லை. கிளை கழித்து, இரண்டு பக்கமும் ரம்பத்தால் அளந்து அறுத்த உருட்டுகள். வெட்டி எங்கோ அடுக்கி வைத்திருந்ததை ஆறு வாரிக்கொண்டு வந்திருந்தது. எனக்கு அந்த மொட்டைச் சரிவு நினைவுக்கு வந்தது. ஆண்களுக்கு வேறு நினைவு வந்தது. உத்திரத்துக்கு ஆகும், கதவு நிலைக்கு ஆகும், தூத்துக்குடியில் தோணி கட்டுகிறவர்கள் தேடி வந்து எடுப்பார்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்குப் போகிறோம். இவர்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடுகிறார்கள். கலியாண வீட்டுப் பந்திக்கு ஓடுகிற மாதிரிதான்.

எல்லோரையும் விட அதிகமாகப் பிடித்தவர் என் மகளின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் என் மகளைக் கையில் ஏந்தியவர், என் புருஷனோடு சின்ன வயதிலிருந்தே ஒன்றாகக் கடலுக்குப் போனவர். படகுகள் கட்டிக்கிடக்கும் வாய்க்கால் ஆற்றில் சேர்கிற இடத்தில், படகு அணைகிற ஜெட்டியின் இரும்புத் தூணிலிருந்து எதிர்க்கரைத் தென்னை மரம்வரை ஒரே கயிற்றில் பதினோரு மரங்களைக் கோத்துக் கட்டிவிட்டார். வாய்க்காலின் வாய் அடைபட்டுப்போனது. உள்ளே கிடந்த படகுகளில் ஒன்றுகூட வெளியே வரமுடியாது. அப்போது யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த வெள்ளத்தில் எவன் கடலுக்குப் போகப் போகிறான்?

என் புருஷன் எங்கள் படகில் தனியாகப் போனார். நான் பள்ளிக்கூட மாடியிலிருந்து ஜெட்டிக்கு ஓடி வந்தேன். "வேண்டாம், அது திருட்டு மரம், நம்ம வீட்டுக்கு ஆகாது" என்று நான் கத்தினேன். "திருடுனவன் மேல இருக்கான், நான் என்ன திருடுனேன்?" என்றார். அதற்குள் ஒரு பெரிய உருட்டு ஜெட்டியை ஒட்டி வந்துவிட்டது. ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரம். இவர் கயிறு எறிந்தார். மறுபக்கப் படகிலிருந்து ஞானத்தகப்பனும் எறிந்தார். இரண்டும் விழுந்தன.

இந்த மாதிரி நேரத்துக்கும் வழக்கம் இருக்கிறது. எந்தக் கயிறு அடியில் கிடக்கிறதோ அதுதான் முதலில் விழுந்தது. பார்ப்பதற்காக என் புருஷன் குனிந்து மேல் கயிற்றை விரலால் தூக்கினார். மேலே கிடந்தது ஞானத்தகப்பனுடைய கயிறு. அவர் கண்ணுக்கு, இவர் தன் கயிற்றைக் கழற்றுகிற மாதிரி தெரிந்திருக்கிறது.

"ஏலே, கயித்துலயா கைவைக்க?"

துடுப்பை ஓங்கி அடித்தார். தோளில் விழுந்த அடி ஜெட்டியில் நின்ற எனக்குக் கேட்டது. என் புருஷன் மரத்துக்கும் ஜெட்டிச் சுவருக்கும் நடுவில் விழுந்தார். ஆறு அந்த மரத்தை ஒரு தள்ளுத் தள்ளியது. அப்போது கேட்ட சத்தத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. எங்கள் படகு ஆளில்லாமல் சுற்றிக்கொண்டே கடல் பக்கம் போனது.

நாலு பேர் சேர்ந்து அவரை மேலே தூக்கினார்கள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே நின்றது. என் அண்ணன் துண்டைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார். ஞானத்தகப்பன் படகை விட்டு ஏறி ஓடி வந்து, "மாப்ள, மாப்ள" என்று குனிந்தார். நான் அவர் மேல் பாய்ந்தேன். முகத்தில் கிடைத்த இடத்திலெல்லாம் அடித்தேன். அவர் கையால் மறித்தபோது அந்தக் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் வந்த பிறகும் விடவில்லை. மூன்று பேர் சேர்ந்து என்னைப் பிய்த்தெடுத்தார்கள். அவர் ஒன்றும் திருப்பி அடிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மழையில் எங்கோ ஓடிப்போனார்.

ரோடு இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போன் இல்லை. தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரிக்குக் கடல் வழியாகப் போனால்தான் உண்டு. ஆற்றில் கிடந்த படகுகளை எல்லாம் வெள்ளம் அடித்துப்போய்விட்டது. ஞானத்தகப்பன் விட்டுவிட்டு வந்த படகு ஜெட்டியில் மோதிப் பக்கம் பிளந்து கிடந்தது. என் அண்ணன் படகு வாய்க்காலுக்குள் நல்லபடியாக நின்றது. எஞ்சினும் நல்ல எஞ்சின். வாய்க்காலின் வாயில் அந்தப் பதினோரு மரங்கள்.

தண்ணீர் இழுக்கிற இழுப்பில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அவிழ்க்க முடியாது. அறுக்கத்தான் வேண்டும்.

"ஆளக் கூப்பிடுங்கலே" என்றார் அண்ணன். "அவன் கையால அறுக்கட்டும். இல்லன்னா அறுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும்."

இரண்டு பேர் ஞானத்தகப்பனைத் தேடிப் போனார்கள். வீட்டில் இல்லை. அவர் மனைவி பள்ளிக்கூட மாடியிலிருந்து அழுதுகொண்டே இறங்கி வந்தார். "நீயாவது சொல்லும்மா" என்று கேட்டார்கள். "அவரு கயிறு. அவரு இல்லாம நான் எப்படிச் சொல்ல?" என்று மார்பில் அடித்துக்கொண்டார். கோயிலில் தேடினார்கள். ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் தேடினார்கள். போலீஸுக்குப் பயந்து எங்கே பதுங்கினாரோ தெரியவில்லை. ஜெட்டியில் முப்பது நாற்பது ஆம்பிளைகள் நின்றார்கள். மீன் வெட்டுகிற ஊரில் கத்திக்கா பஞ்சம்? எல்லோர் இடுப்பிலும் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. "இப்ப வந்துருவான், இப்ப வந்துருவான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

நானும் நின்றேன். இதை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். கூடையால் அடித்தவள், கையைக் கடித்தவள், அந்தக் கயிற்றுக்கு முன்னால் மற்றவர்களைப் போலவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் மடியில் தலை வைத்துக் கிடந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்க்கிறார். நான் பாதை பார்க்கிறேன், அந்தப் பாவி வருகிறானா என்று. ஒரு மணி நேரம் இருக்கும், கூடவும் இருக்கலாம். அறுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றவேயில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தோன்றவில்லை.

அவர் கால் விரலைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

பக்கத்தில் நின்றவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏளா, பாவம் சேத்துக்காத." நான் கத்தியை அவர் பக்கம் திருப்பினேன். குத்தியிருப்பேன், சத்தியமாகக் குத்தியிருப்பேன். அவருக்கும் அது தெரிந்தது, விட்டுவிட்டார்.

இறுகி நின்ற கயிறு இரண்டு இழுப்பில் அறுந்தது. அறுந்த முனை சாட்டையாக வந்து என் புருவத்திலிருந்து உதடுவரை கிழித்துவிட்டுப் போனது. மரங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கின. கூட்டத்தில் ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். என் புருஷனைப் படகில் ஏற்றியதும் அண்ணன் எஞ்சினை இழுத்தார்.

முகத்துவாரத்தில் ஆறு கடலை அடித்தது, கடல் ஆற்றைத் திருப்பி அடித்தது. நான் அறுத்துவிட்ட மரங்கள் எங்களுக்கு முன்னால் அந்த அலையில் நட்டுக்குத்தாக எழுந்து எழுந்து விழுந்தன. வெள்ளம் அடித்துப்போய்த் திட்டோரம் செருகியிருந்த ஒரு படகை ஒரு மரம் மேலிருந்து இறங்கி இரண்டாக உடைத்தது. அதன் துண்டுகளுக்கு நடுவே அண்ணன் படகைச் செலுத்தினார். வெளியே போன பிறகும் கண்ணுக்கெட்டிய தூரம் கடல் நீலமாக இல்லை, செம்மண்ணாக இருந்தது. ஒரு மலையே தண்ணீராகக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தூத்துக்குடி தெர்மல் மின்நிலையப் புகைபோக்கிகள் தெரிகிறவரை அந்த மண்ணைக் கிழித்துக்கொண்டே போனோம். என் முகத்து ரத்தம் அவர் முகத்தில் சொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

காலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சின்னப் பையன். நல்ல மாதிரிதான் சொன்னார். "பிளட் சர்குலேஷன் நின்னு ரொம்ப நேரம் ஆயிட்டும்மா. ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தா முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம்." நான் தலையை ஆட்டினேன். ஏன் தாமதம் என்று அவர் கேட்டார். வெள்ளம் என்று சொன்னேன்.

ஞானத்தகப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் என் பல் பதிந்த இடத்தில் கட்டுப் போட்டிருந்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் புருஷன் அவர் தலையில் கை வைத்து, "போட்டும்லே, நீ வேணும்னா அடிச்ச?" என்றார். கேஸ் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நான் வெளியே வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். உள்ளே நின்றிருந்தால் மறுபடியும் கடித்திருப்பேன்.

ஊர் திரும்பிய பிறகு ஊர்க் கமிட்டி கூடியது. கோயில் முற்றத்தில், ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும். அடித்தவன் விஷயம் முடிந்துவிட்டது, காயம்பட்டவன் மன்னித்துவிட்டான். அதனால் அங்கே ஒரே ஒரு வழக்குதான் இருந்தது.

"படகு ஒடஞ்சதுக்கு ஆறு பொறுப்பு" என்றார் கமிட்டித் தலைவர். "கயிறு அறுந்ததுக்கு நீ பொறுப்பு. இன்னைக்கு இத விட்டா, நாளைக்குக் கடல்ல எவன் கயித்த எவன் நம்புவான்?"

"அந்த மரத்த மேல வெட்டுனான் பாருங்க, அவன யாரு விசாரிப்பா?" என்று கேட்டேன். "மரத்தோட அறுத்த மொகத்த எல்லாரும் பாத்தீங்க. ரம்பம் போட்ட மரம். மலை இறங்கி வந்து என் வீட்டுக்குள்ள கெடக்கு, இன்னும் மண்வெட்டி போட்டு அள்ளிட்டிருக்கேன். அவன் பேரு இங்க வராதா?"

கெட்ட மனுஷன் இல்லை தலைவர்.

"அது நம்ம எல்லை இல்லம்மா" என்றார்.

வழக்கப்படி, அறுத்தவர் அந்தக் கயிற்றின் இரண்டு முனைகளையும் ஊர் முன்னால் முடிந்து உடையவன் கையில் கொடுக்க வேண்டும். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் எங்கள் வீட்டுப் படகுக்கு இனி யாரும் கயிறு எறியமாட்டார்கள். எங்களுக்குப் படகே இல்லை, அதைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அண்ணனுக்குப் படகு இருக்கிறது. அவரும் அந்த அறுத்த வழியாகத்தான் போனார். கயிற்றை முடிந்தேன். அத்தனை பேரையும் அந்தக் கயிற்றாலேயே விளாச வேண்டும் போலிருந்தது. "தப்புத்தான்" என்று சொன்னேன். ஞானத்தகப்பன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். பழக்கதோஷம், முடிச்சை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். நின்றது.

வீட்டுக்கு வந்தேன். என் புருஷன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிட்டியா?"

"முடிஞ்சேன்."

"சரி. நல்லது."

அவர் அந்தச் "சரி"யைச் சொன்ன விதத்தில் எனக்குள் அடைபட்டிருந்தது உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அதுவரை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் கால் இருந்திருக்கும் என்று சொன்னேன். கத்தி எல்லோரிடமும் இருந்தது, நான் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நான் நின்ற நேரத்தில்தான் உம்முடைய கால் செத்தது என்று சொன்னேன். அடிக்கட்டும், திட்டட்டும், ஒரு தட்டையாவது எடுத்து எறியட்டும் என்று காத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத ஒன்றை அன்றைக்குத்தான் அந்த மனுஷனிடம் எதிர்பார்த்தேன், அவருடைய கோபத்தை.

அவர், ஆறுதல் சொல்கிறோம் என்றே நினைத்துக்கொண்டு சொன்னார்.

"நானா இருந்தா நீ மடியில கெடந்தாலும் அறுத்திருக்கமாட்டேன், ஏளா. அவன் வார வரைக்கும் நின்னுருப்பேன்."